மூன்று வாயில்களும் ஒரு மூர்த்தியும்: தருக்கமும் தோற்றமும் பிரியும் இடம்

ஒரு பொருள் இன்னது என்று தீர்மானிப்பதும், அது கண்ணுக்கு எவ்வாறு தோன்ற வேண்டும் என்று தீர்மானிப்பதும் ஒரே செயலா, இரு வேறு செயல்களா என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. அதே வினாவைக் கடந்த முப்பது ஆண்டுகளாக இணையப் பக்கங்களை ஆக்கும் நிரலாளர்களும் தம் தொழிலின் சொற்களில் கேட்டு வருகின்றனர். வாசகரின் திரைக்கு வந்து சேரும் பக்கம் பெரும்பாலும் முன்னரே எழுதி வைத்த தாள் அன்று. தரவுத்தளத்திலிருந்து எடுத்த செய்திகளை ஓர் அச்சில் ஊற்றி, வாசகர் கேட்ட அந்த நொடியில் வார்த்தெடுத்தது. அந்த அச்சுக்கு வார்ப்புரு என்று பெயர். கணினித் தொழிலில் உள்ளோர் அதனை டெம்ப்ளேட் என்பர். அதில் நிலையான எழுத்தும் அலங்காரமும் இருக்கும், இடையிடையே வெற்றிடங்களும் இருக்கும். அவ்வெற்றிடங்களை எதனால் நிரப்புவது, எதை விலக்குவது, எதை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி தருக்கம் எனப்படும். நிரப்பியதை எந்த எழுத்தில், எந்த வரிசையில், எந்த நிறத்தில் காட்டுவது என்பது தோற்றம் எனப்படும். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று கலவாமல் வைக்க வேண்டும் என்பது அத்தொழிலில் ஏறத்தாழ ஒரு சமயக் கட்டளை போலவே போற்றப்படுகிறது. அக்கட்டளை பொருள்களின் இயல்பைப் பற்றிய உண்மையா, வேலை ஒழுங்குக்காக மனிதர் வகுத்துக்கொண்ட வரம்பா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

இவ்வினாவை ஆராயத் திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை வாய்ப்பான இடமாகும். ஒரே மூர்த்தியை மூன்று வாயில்களின் வழியே காட்டும் பத்மநாபசுவாமி கோயிலும், அக்கோயிலுக்கு எதிரே முகம் ஒன்றின் வாயசைவால் மணி காட்டும் மேத்தன் மணியும், கோயில் வரலாற்றைப் பல எழுத்துமுறைகளில் பாதுகாக்கும் கோட்டைப் பகுதி ஆவணக் காப்பகமும் அங்கே நடந்து சென்று காணத்தக்க தொலைவில் உள்ளன. உள்ளதற்கும் தோன்றுவதற்கும் இடையிலான உறவை இம்மூன்றும் மூன்று வகையில் வெளிப்படுத்துகின்றன.

பிரிவின் வரலாறு

நார்வே நாட்டுக் கணினி அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக், அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் விருந்தாளராகத் தங்கியிருந்தபோது, 1979-இல் ஒரு நிரலை மாதிரி, காட்சி, கட்டுப்படுத்தி என மூன்றாகப் பகுத்தார். மாதிரி என்பது நிரல் எதைப் பற்றியதோ அதன் அறிவு. காட்சி என்பது அவ்வறிவின் ஒரு முகம். கட்டுப்படுத்தி என்பது பயன்படுத்துவோரின் செயலை ஏற்று மற்ற இரண்டுக்கும் தெரிவிப்பது. ஒரே மாதிரிக்குப் பல காட்சிகள் இருக்கலாம் என்பதே இப்பகுப்பின் உயிர்நாடி. இணையம் பரவத் தொடங்கிய பின், 1994 அக்டோபர் 10 அன்று ஹோகோன் வியம் லீ, பக்கத்தின் பொருளைக் குறிக்கும் குறியீடுகளிலிருந்து அதன் எழுத்துரு, நிறம், இடைவெளி ஆகியவற்றைப் பிரித்துத் தனி ஏட்டில் எழுதும் முறையை முன்மொழிந்தார். சிஎஸ்எஸ் எனப்படும் அம்முறை 1996 டிசம்பரில் இணையத் தர அமைப்பின் பரிந்துரையாயிற்று.

எனினும், பக்கத்தை ஆக்கித் தரும் கணினிகளில் எதிர்த்திசையில் ஒரு பழக்கம் வேரூன்றியது. 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி போன்ற கருவிகள் பக்கத்தின் அலங்கார வரிகளுக்கு நடுவிலேயே கணக்கையும் தரவுத்தள வினவலையும் எழுத இடம் தந்தன. சிறிய பக்கத்துக்கு அது எளிதாக இருந்தது. பக்கம் வளர்ந்தபோது, நிறத்தை மாற்ற வந்த வடிவமைப்பாளர் கணக்கைக் கலைக்கவும், கணக்கைத் திருத்த வந்த நிரலாளர் அலங்காரத்தைச் சிதைக்கவும் நேர்ந்தது. இதற்கு எதிர்வினையாகவே பல வார்ப்புரு மொழிகள் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்டன. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்துச் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் உருவாகி 2005-இல் பொதுவெளிக்கு வந்த ஜாங்கோவின் வார்ப்புரு மொழியில் முழு நிரலை எழுத முடியாது. அது வேண்டுமென்றே ஏற்றுக்கொண்ட குறை. 2009-இல் வெளிவந்த மஸ்டாஷ் தன்னைத் தருக்கமற்ற வார்ப்புரு என்றே அழைத்துக்கொண்டது.

இப்பிரிவுக்கு முறையான வரையறை தந்தவர் டெரன்ஸ் பார். 2004-இல் வெளிவந்த ஆய்வுரையில் அவர், வார்ப்புரு மீறக்கூடாத ஐந்து விதிகளை வகுத்தார்: தான் காட்டும் தரவை அது மாற்றக்கூடாது, தரவின் மதிப்புகளைக் கொண்டு கணக்கிடக்கூடாது, அம்மதிப்புகளை ஒப்பிடக்கூடாது, தரவு எவ்வகையைச் சார்ந்தது என்று ஊகித்து நடக்கக்கூடாது, ஐந்தாவதாக, தரவின் பக்கத்திலிருந்தும் நிறம், அளவு போன்ற அலங்காரச் செய்தி வார்ப்புருவுக்குள் வரக்கூடாது. முதல் நான்கு விதிகள் தோற்றத்தைக் கட்டுகின்றன. ஐந்தாவது விதி தருக்கத்தைக் கட்டுகிறது. எல்லைக் கோடு இரு பக்கத்தாரையும் ஒருங்கே கட்டுப்படுத்தினால் அன்றி அது எல்லை ஆகாது என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது.

இவ்விதிகள் நடைமுறையில் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை ஒரு கற்பனைப் பக்கத்தைக் கொண்டு அருகில் நின்று காணலாம். கோயில் ஒன்றின் தரிசன நேரத்தை அறிவிக்கும் பக்கத்தில், இப்போதைய நேரம் உச்சிப்பொழுதைக் கடந்துவிட்டதா என்று வார்ப்புருவே ஒப்பிட்டுப் பார்த்து, கடந்திருந்தால் ‘நடை சாத்தப்பட்டது’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். திருவிழா நாளில் நடை சாத்தும் நேரம் மாறினால், திரைக்கான வார்ப்புருவிலும் கைப்பேசிக்கான வார்ப்புருவிலும் அறிவிப்புத் தாளுக்கான வார்ப்புருவிலும் தனித்தனியே திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்த மறந்தால், கைப்பேசியைப் பார்த்து வந்த அடியார் சாத்திய கதவின் முன் நிற்பார். நடை திறந்துள்ளதா, இல்லையா என்பதை நிரல் ஒரே இடத்தில் தீர்மானித்து, ஆம் அல்லது இல்லை என்ற விடையை மட்டும் வார்ப்புருவிடம் ஒப்படைத்தால் இந்நிலை நேராது. நிரலும் தன் பங்குக்கு ‘சிவப்பு நிறத்தில் காட்டு’ என்று சொல்லி அனுப்பக்கூடாது. பார்வையற்றவருக்காகப் பக்கத்தை வாசித்துக் காட்டும் கருவிக்குச் சிவப்பு என்ற சொல் எதையும் உணர்த்தாது. எனவே எல்லை, காலத்தை அறிவதற்கும் காலத்தை அறிவிப்பதற்கும் இடையே விழுகிறது.

இருந்தும் ஒரு நுட்பம் எஞ்சுகிறது. எத்தனை பூசைகள் உண்டோ அத்தனை வரிகளைக் காட்டு, பூசை ஒன்றும் இல்லையெனில் அந்தத் தலைப்பையே விட்டுவிடு என்று வார்ப்புருவிடம் சொல்லியே ஆக வேண்டும். மஸ்டாஷ் போன்ற தருக்கமற்ற மொழிகளும் இந்த வாய்ப்பை ‘பகுதி’ என்ற பெயரில் தந்தே இருக்கின்றன. அப்படியானால் தருக்கம் தோற்றத்துக்குள்ளும் இருக்கிறது. பிரிக்கப்படுவது சிந்தனையும் சிந்தனையின்மையும் அல்ல, இரு வகைச் சிந்தனைகளே. பொருளைப் பற்றிய தீர்மானம் ஒருவகை; அப்பொருளைப் பார்ப்பவரைப் பற்றிய தீர்மானம் மற்றொரு வகை. இவ்விடத்தில் நிரலாளர்களின் விவாதம் தன் எல்லையைத் தொட்டு மெய்யியலின் வாசலில் நிற்கிறது.

ஒரு மூர்த்தி, மூன்று வாயில்கள்

பத்மநாபசுவாமி கோயில் கருவறையில் அனந்தன்மேல் பள்ளிகொண்ட மூர்த்தி 18 அடி நீளம் உடையது. ஒற்றைக்கல் மண்டபத்தின்மேல் நின்று காணும் அடியார் அம்மூர்த்தியை முழுமையாக ஒரே பார்வையில் காண முடியாது. முதல் வாயிலில் திருமுகமும், தாழ்ந்த வலக்கையின்கீழ் உள்ள சிவலிங்கமும் தெரியும்; நடு வாயிலில் உந்தியில் எழுந்த தாமரையும் அதன்மேல் அமர்ந்த பிரமனும் தெரிவர்; மூன்றாம் வாயிலில் திருவடிகள் தெரியும். மும்மூர்த்திகளின் ஒருமையை ஒரே கருவறைக்குள் உணர்த்தும் இவ்வமைப்பில், வாயில்கள் மூர்த்தியை மூன்றாக ஆக்குவதில்லை. எதைக் காட்டுவது என்று தேர்வதும் இல்லை. உள்ளே கிடப்பதற்குச் சட்டம் இடுவதோடு நின்றுவிடுகின்றன. காட்சி தான் காட்டுவதை மாற்றக்கூடாது என்ற முதல் விதிக்கு இதைவிடத் தெளிவான கட்டடக்கலைச் சான்று கிடைப்பது கடினம்.

கோயிலின் தலபுராணம் இதைவிட ஆழமான ஒன்றையும் சொல்கிறது. அனந்தங்காட்டில் இலுப்பை மரம் சாய்ந்தபோது வெளிப்பட்ட இறைவனின் திருமுடி தெற்கே திருவல்லத்திலும் திருவடி வடக்கே திருப்பாப்பூரிலும் அமையும்படி அவ்வுருவம் மிகப் பெரிதாக நீண்டு கிடந்தது என்றும், பின்தொடர்ந்து வந்த முனிவர் தம் கண்ணால் கண்டு வலம்வரக் கூடிய அளவுக்குச் சுருங்கும்படி வேண்ட, அவர் கையிலிருந்த யோகதண்டின் மும்மடங்கு நீளத்துக்கு இறைவன் தன்னைக் குறுக்கிக்கொண்டான் என்றும் அம்மரபு கூறும். இங்கே அளவு என்பது பொருளின் பண்பாக அன்றிப் பார்ப்பவரின் தேவையாகவே சொல்லப்படுகிறது. பார்ப்பவரின் கையிலுள்ள கோலே அளவுகோலாகிறது. திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கம் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் இன்றைய வழக்கத்தை இதனோடு ஒப்பிடுவது மேலோட்டமான விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் சுருங்கியபின் கிடப்பதும் அதே இறைவன்தான் என்று மரபு வலியுறுத்துவதில் தோற்றம் மாறினும் பொருள் மாறாது என்ற கொள்கை தெளிவாகவே இருக்கிறது.

மூர்த்தியின் ஆக்கமுறையும் இத்தொடர்பில் கருதத்தக்கது. கண்டகி ஆற்றிலிருந்து கொண்டுவந்த 12,008 சாளக்கிராமங்களை அடுக்கி, அவற்றின்மேல் மூலிகையும் பிசினும் பிறவும் சேர்ந்த கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையைப் பூசி அமைத்தது இம்மூர்த்தி என்பது கோயில் மரபு. அக்கலவை நீர் பட்டால் கரையும் தன்மையது ஆதலால் மூலவருக்குத் திருமஞ்சனம் இல்லை; முந்தைய நாளின் மலர்களை மயிற்பீலியால் அகற்றுவதோடு சரி. நீராட்டும் அலங்காரமும் உலாவும் தனியே வைத்த அபிடேக மூர்த்திக்கும் உற்சவ மூர்த்திக்கும் நிகழ்கின்றன. நாள்தோறும் கைபடுவதால் கெடக்கூடியதைக் கைபடாமல் வைத்து, கைபட வேண்டிய செயல்களுக்கு அதன் பிரதிநிதியை முன்னிறுத்துவது தமிழகக் கோயில்களும் அறிந்த மூலவர், உற்சவர் என்ற ஏற்பாடுதான். கடுசர்க்கரை அதற்குப் பொருள் சார்ந்த காரணத்தையும் தருகிறது. காட்சியின் அன்றாட மாற்றங்கள் தரவைத் தொடாதிருக்க வேண்டும் என்னும் நிரலாளரின் அச்சத்துக்கும், திருமஞ்சன நீர் மூலவர்மேல் விழாதிருக்க வேண்டும் என்னும் அர்ச்சகரான நம்பியின் கவனத்துக்கும் வடிவம் ஒன்றே.

சார்பின் திசை

கோயிலுக்கு எதிரே, பத்மதீர்த்தக் கரையை நோக்கிய கருவேலப்புரை மாளிகையில் உள்ள மேத்தன் மணி சுவாதித் திருநாள் காலத்தது என்பர். மணி முழுமையடையும்போது தாடி வைத்த முகம் ஒன்று வாயைத் திறக்க, இரு பக்கத்தும் உள்ள ஆட்டுக்கடாக்கள் ஓடிவந்து அதன் கன்னங்களில் முட்டும். தெருவில் நிற்போர் இதை மணி என்று பார்ப்பதில்லை; முட்டுவதையே பார்க்கின்றனர். ஆனால் காலத்தை எண்ணுவது முகமும் அன்று, கடாவும் அன்று. பின்னே மறைந்திருக்கும் பற்சக்கரங்கள். கடாக்களை எடுத்துவிட்டாலும் சக்கரங்கள் காலத்தை எண்ணிக்கொண்டே இருக்கும். சக்கரங்கள் நின்றால் கடாக்கள் அசையா. சார்பு ஒருவழியாகவே ஓடுகிறது: தோற்றம் தருக்கத்தைச் சார்ந்திருக்கிறது, தருக்கம் தோற்றத்தைச் சார்ந்திருக்கவில்லை. பார் வகுத்த விதிகளின் சாரத்தை ஒரே தொடரில் சொல்வதானால் அது இந்த ஒருவழிச் சார்புதான்.

இந்த உவமையை இவ்விடத்திலேயே நிறுத்தினால் சங்கரரின் நிலைப்பாட்டுக்கு அருகில் வந்து நிற்க நேரும். மண்ணை அறிந்தால் மண்ணால் ஆன குடம், சட்டி அனைத்தையும் அறிந்ததாகும் என்ற சாந்தோக்கிய உபநிடதத்தின் எடுத்துக்காட்டை விளக்கும் அத்துவைதம், குடம் என்ற உருவத்தைப் பெயரளவில் நிற்கும் நாமரூபம் என்று கொண்டு, மண்ணையே மெய் என்று நிறுவும். அந்நெறியில் தோற்றம் களையத்தக்கது. பொருளைக் கண்டபின் அதனால் பயனில்லை. தருக்கமே உண்மையான வேலை, தோற்றம் அதன்மேல் பூசும் சாயம் என்று கருதும் நிரலாளர், அறியாமலே அத்துவைதியாகிறார். ஆனால் கிழக்கேகோட்டையில் ஒருவழிச் சார்பு மட்டும் இல்லை. கடாக்கள் முட்டாத நாளில் சக்கரங்கள் காலத்தை அறிந்திருக்கும். தெருவோ காலத்தை அறியாது. சார்பு ஒருவழியாக ஓடினும், வெளிப்பாடு மற்றொரு வழியாகத்தான் நிகழ்கிறது. அறியப்படாத காலம் தெருவுக்கு இருந்தும் இல்லாததே.

எழுத்தும் அதன் உருவும்

கோட்டைப் பகுதியில் உள்ள கேரள அரசின் மத்திய ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ஆவணங்கள் எனப்படும் பத்மநாபசுவாமி கோயில் ஓலைகள் பெருந்தொகையாகப் பாதுகாக்கப்படுகின்றன; அங்கு 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் தொடங்கப்பட்டது. கோயிலின் நிலம், நெல், வழிபாடு, வழக்கு ஆகியவற்றின் கணக்குகள் நூற்றாண்டுகளாக வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை எனப் பல எழுத்துமுறைகளில் எழுதப்பட்டன. எழுதிய கை மாறியது, எழுத்தின் வளைவு மாறியது. ஆயினும் எத்தனை பறை நெல் என்ற செய்தி அதனால் மாறவில்லை. ஓலையைப் படியெடுப்போர் உருவைக் களைந்து பொருளை மட்டும் வேறொரு எழுத்தில் எழுதும்போது, தருக்கமும் தோற்றமும் பிரியக்கூடியவை என்பதற்கான நடைமுறைச் சான்றையே தருகின்றனர்.

ஆனால் பிரிவு அத்தனை எளிதன்று என்பதை மலையாள எழுத்தின் அண்மை வரலாறு காட்டிற்று. 1971-இல் கேரள அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம், உகர ஊகாரக் குறிகளை மெய்யெழுத்திலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தியது. அருகி வழங்கிய கூட்டெழுத்துகளைச் சந்திரக்கலை என்னும் அரைவட்டக் குறியால் உடைத்தது. ஏறத்தாழ தொள்ளாயிரம் உருக்களாக இருந்த மலையாளத்தை ஏறத்தாழ தொண்ணூறாகக் குறைத்ததாக இதைக் கணக்கிடுவர். சீர்திருத்தத்தின் முதன்மையான காரணம் தட்டச்சுப் பொறியின் போதாமை. அதாவது, காட்டும் கருவியின் குறை காட்டப்படும் பொருளின்மேல் சுமத்தப்பட்டது. தட்டச்சுப் பொறி வழக்கொழிந்தபின்னும் பள்ளிப் பாடநூலில் உடைந்த உருக்கள் நிலைத்தன. 1999-இல் திருவனந்தபுரத்தில் ஆர். சித்ரஜகுமாரும் கே. எச். உசைனும் பிறரும் தொடங்கிய ரசன இயக்கம் இக்குழப்பத்தைச் சரியாகவே இனங்கண்டது: எழுத்தின் பொருளை ஓரிடத்திலும் உருவை எழுத்துருவிலும் வைத்தால், பழைய உருக்களைக் கணினியில் மீட்கத் தடை ஏதும் இல்லை என்று அது செய்து காட்டியது. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் சேமித்த மலையாளப் பனுவல் ஒன்றே; அதைச் சீர்திருத்த எழுத்துருவில் திறந்தால் உடைந்த உருவும், மரபு எழுத்துருவில் திறந்தால் கூடிய உருவும் தோன்றும். பனுவலில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. தமிழிலும் 1978-ஆம் ஆண்டு அரசாணையால் மாறிய 13 உயிர்மெய்களுக்கு இதுவே பொருந்தும்: தும்பிக்கையிட்ட பழைய லகர ஐகாரமும் இன்றைய ‘லை’யும் கணினிக்குள் ஒரே குறியீட்டுத் தொடர், துணிவும் விருப்பமும் உள்ளோர் எழுத்துருவை மாற்றிப் பழைய வடிவைக் காணலாம்.

இதுவரை வெற்றி பிரிவின் பக்கமே. அதைச் சோதித்தது சில்லு என்னும் எழுத்து. மலையாளத்தில் ண், ன், ர், ல், ள் முதலியன உயிர் ஏறாமல் தனித்து நிற்கும்போது, மெய்யெழுத்தின்மேல் சந்திரக்கலை இடாமல், வால் நீண்ட தனி உருவத்தில் எழுதப்படும். அவ்வுருவங்களுக்குச் சில்லு என்று பெயர். சில்லு என்பது மெய்யெழுத்தின் மற்றொரு தோற்றமா, தன்னளவில் வேறோர் எழுத்தா? தோற்றமே என்று கொண்ட தொடக்ககால முறை, மெய், சந்திரக்கலை, அவற்றை அடுத்து அகலமில்லா இணைப்பி என்னும் கண்ணுக்குத் தெரியாத குறி ஆகிய மூன்றையும் வரிசையாக எழுதிச் சில்லுவை வரவழைத்தது. அக்குறி தோற்றத்துக்கான குறிப்பு என்பதால், தேடும்போதும் ஒப்பிடும்போதும் அதைப் பொருட்படுத்தாமல் விடுவது கணினிக் கருவிகளின் பொதுவழக்கம்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. பெருந்திரை என்ற பொருளில் வரும் ‘வன் யவனிக’ என்ற கூட்டுச்சொல்லில் னகரம் சில்லுவாக நிற்க வேண்டும். காட்டுச்சோலை என்ற பொருளில் வரும் ‘வன்ய வனிக’ என்ற சொல்லில் அதே னகரமும் யகரமும் கூட்டெழுத்தாக நிற்க வேண்டும். இரண்டையும் வேறுபடுத்துவது அந்தக் கண்ணுக்குத் தெரியாத இணைப்பி ஒன்றே. அதைக் களைந்தால் திரையும் சோலையும் ஒன்றாகிவிடும். தோற்றம் என்று கருதி ஒதுக்கி வைத்தது பொருளைச் சுமந்துகொண்டிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. நீண்ட வாதத்துக்குப்பின், 2008-இல் வந்த யூனிகோடு 5.1 பதிப்பு ஆறு சில்லுகளுக்குத் தனிக் குறியீட்டு எண்களைத் தந்தது. எதிர்த்தோரின் வாதமும் வலுவற்றதன்று: ஒரே சொல்லை இனி இருவகையில் சேமிக்க முடியும் என்றும், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு சொற்களைக் கணினி வேறெனக் கொண்டு தேடலில் தவறவிடும் என்றும், அவ்வேறுபாட்டை ஏமாற்றுவோர் பயன்படுத்துவர் என்றும் அவர்கள் எச்சரித்தனர். பழைய முறையில் சேமித்த பனுவலும் புதிய முறையில் சேமித்த பனுவலும் இணைந்து தேடப்படத் தனி ஏற்பாடு இன்றும் தேவைப்படுகிறது.

இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்தும் உருவும் வேறு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பிணக்கு எல்லாம் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான். அக்கோட்டை எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலவில்லை. இது மாறினால் வாசிப்பவருக்குப் பொருள் மாறுமா என்ற வினாவை ஒவ்வொரு முறையும் வாசிப்பவரிடமே கேட்க வேண்டியிருந்தது. உகரக் குறி ஒட்டியிருப்பதும் விலகியிருப்பதும் பொருளை மாற்றவில்லை, ஆகவே அது தோற்றம். சில்லு பொருளை மாற்றிற்று, ஆகவே அது எழுத்து. வார்ப்புருவிலும் இதுவே அளவை. விலைப்பட்டியலில் வரிசை வெறும் அலங்காரம். தேர்வில் தேறியோர் பட்டியலில் வரிசையே தரத்தைச் சொல்லும், அதை வடிவமைப்பாளர் மாற்றலாகாது. ஒரே ‘வரிசை’ ஓரிடத்தில் தோற்றமாகவும் மற்றோரிடத்தில் தருக்கமாகவும் நிற்கிறது.

பிரியாமல் வேறாதல்

வேறெனினும் பிரியாதவை என்ற உறவுக்கு இராமானுசர் தந்த பெயர் அப்ருதக்சித்தி. தனித்து நிலைபெறாமை என்று அதைத் தமிழில் சொல்லலாம். உடலும் உயிரும் வேறு, ஆயினும் உயிரின்றி உடல் உடலாக நிலைபெறாது. பண்பும் பண்பியும் வேறு, ஆயினும் பண்பியை விட்டுப் பண்பு தனியே நிற்காது. உலகும் உயிர்களும் இறைவனுக்கு உடலாக நின்று அவனையே சார்ந்திருக்கின்றன. அச்சார்பு ஒருவழியானது, ஆனால் சார்ந்து நிற்பது அதனால் பொய்யாவதில்லை. அத்துவைதம் உருவத்தைக் களைந்து பொருளைக் காண்கிறது. இராமானுசரின் விசிட்டாத்துவைதம் உருவத்தின் வழியே பொருளைக் காண்கிறது. மேத்தன் மணியில் கண்ட இரண்டு திசைகளையும், அதாவது சார்பு ஒரு வழியாகவும் வெளிப்பாடு மற்றொரு வழியாகவும் ஓடுவதை, ஒருங்கே தாங்கும் கருத்து இது.

அக்கருத்தின் மரபில் வந்த பிள்ளை லோகாசாரியர், இறைவனின் ஐந்து நிலைகளை நீரின் ஐந்து நிலைகளாக உவமித்தார். உயிர்களுக்குள் மறைந்து நிற்கும் நிலை நிலத்தடி நீர் போன்றது. பரமபதத்து நிலை அண்டத்துக்கு அப்பால் சூழ்ந்த நீர். பாற்கடல் நிலை பாற்கடலேயாம். இராமன், கண்ணன் என அவதரித்தது பெருக்கெடுத்து ஓடி வற்றிய ஆறு. கோயிலில் திருவுருவாக நிற்கும் அர்ச்சை நிலை அவ்வாறு வற்றியபின் அங்கங்கே தேங்கி நின்ற மடு. நீர் எல்லாம் ஒரே நீர்தான். ஆயினும் தாகம் கொண்டவருக்கு எளிதில் எட்டுவது மடு ஒன்றே. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் திருவனந்தபுரத்தைப் பாடியதும் அர்ச்சையாக நின்ற அந்த மடுவையே. உள்ளதற்கு மேலான மதிப்பும் தோன்றுவதற்குக் குறைவான மதிப்பும் தரும் வழக்கத்தை இவ்வுவமை தலைகீழாக்குகிறது: மாதிரி மேலானது என்பது மாதிரியை அறிவோரின் பார்வை, தாகத்தோடு வந்தவரின் பார்வையில் காட்சியே மேலானது. இணையப் பக்கத்தின் பொருட்டு உழைப்போரில் வடிவமைப்பாளரை நிரலாளருக்குக் கீழே வைக்கும் எண்ணம் இந்த அளவில் தவறாகிறது. பக்கத்தை நாடி வருவோர் அனைவரும் மடுவருகே நிற்பவர்களே.

எனவே தருக்கத்தையும் தோற்றத்தையும் பிரிக்க வேண்டும் என்ற கட்டளை பொருள்களின் இயல்பு பற்றிய உண்மை அன்று. பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்ள வகுத்த வரம்பு. அவ்வரம்பு தேவையானது. அது இல்லாதபோது தட்டச்சுப் பொறியின் குறை எழுத்தின் தலைவிதியாகும். திருமஞ்சன நீர் கடுசர்க்கரையைக் கரைக்கும். திருவிழா நேரம் ஒரு பக்கத்தில் மாறி மறுபக்கத்தில் மாறாது நிற்கும். ஆனால் வரம்பை உண்மையாகக் கொண்டு, இந்தப் பக்கம் உள்ளதெல்லாம் பொருளற்ற அலங்காரம் என்று கருதும்போது சில்லு தொலைகிறது.

இராமானுசரையும் கிழக்கேகோட்டைக் கோயிலையும் சேர்த்துச் சொல்லும் ஒரு கதை குருபரம்பரை மரபில் உண்டு. திருவனந்தபுரத்துக்கு வந்த அவர், அங்குள்ள வழிபாட்டு முறையைப் பாஞ்சராத்திரம் என்னும் வைணவ ஆகம முறைக்கு மாற்ற எண்ணினார் என்றும், கோயிலார் இறைவனிடம் முறையிட, அன்றிரவு உறங்கிக்கொண்டிருந்த அவரைக் கருடன் தூக்கிச் சென்று திருக்குறுங்குடியில் இறக்கிவிட்டான் என்றும் அக்கதை கூறும். புரி ஜகந்நாதத்தைப் பற்றியும் இதை ஒத்த கதை வழங்குகிறது. வரலாறாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மரபு தன்னைப் பற்றித் தானே கொண்ட எண்ணமாக எடுத்துக்கொள்ளலாம். மூர்த்தி அதே மூர்த்தியாக இருக்க, பூசிக்கும் முறையை மட்டும் மாற்றலாம் என்று ஆசாரியர் கருதினார். முறையையும் இறைவன் தன் பகுதியாகக் கொண்டிருந்தான் என்று கதை பதில் சொல்கிறது. தனித்து நிலைபெறாமையைத் தத்துவமாக நிறுவியவர், அதன் எல்லையைத் திருக்குறுங்குடியில் கண்விழித்தபோதே அறிந்தார்.